கீழிருந்து எண்ணிய ஆறு கம்பிகள்

என் கலாக்கா,

உன் கிட்டாரை இறக்கிவிட்டேன். நான்கு வருடம் பீரோவின் மேல் கிடந்தது. உறையைத் தட்டினால் உமித்தூசி பறந்தது. களம்பூர் அரிசி ஆலைப் பக்கத்துக் காற்று நம் வீட்டு ஜன்னலை இன்னும் விடவில்லை.

முதலில் செய்தியைச் சொல்கிறேன். தினேஷுக்குக் கல்யாணம். நினைவிருக்கிறதா, என்னோடு சென்னையில் படித்தவன், ஒரு பொங்கலுக்கு நம் வீட்டுக்கு வந்தவன். பத்திரிகை தபாலில் வந்தது. அம்மா ராட்டையை நிறுத்தாமலே கேட்டாள்.

"யாருது?"

"தினேஷோடதும்மா. அன்னிக்கி பொங்கலுக்கு வந்தானே."

"அந்த சிரிச்சவனா?"

பத்திரிகையை மடித்தேன்.

"அவன் சிரிச்சான். எம்பொண்ணு அத்தோட அந்தக் கிட்டார தொடல. ஆறு மாசத்துல போயும் போயிட்டா. நீ போ. போய் பந்தியில உக்காந்து நல்லா துன்னுட்டு வா."

நூல் அறுந்தது. முடிச்சுப் போட்டு மறுபடி சுற்றினாள்.

அம்மாவுக்கு ஒரு காரணம் வேண்டும், அக்கா. பதினோரு நாள் காய்ச்சல் என்பது அவளுக்குப் போதவில்லை. பொங்கலன்று ஒருவன் சிரித்தான், ஆடியில் நீ இல்லை. இரண்டுக்கும் நடுவில் அவளே ஒரு கோடு போட்டுக்கொண்டாள். அந்தக் கோட்டை அழிக்கக்கூடியவன் நான் ஒருவன்தான். நான்கு வருடமாகப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

உனக்கு எது தெரியும், எது தெரியாது? இது தெரியாமல்தான் இந்தக் கடிதம்.

*

அந்தக் கிட்டாரை வாங்கியது நான். முதலாண்டு படிக்கும்போது, பழையது. மூன்று மாதத்தில் விரல் நுனி எரிந்தது, விட்டுவிட்டேன். ஊருக்குக் கொண்டுவந்து போட்டேன். நீ எடுத்துக்கொண்டாய்.

நான் உனக்குச் சொல்லிக் கொடுத்தது இரண்டே விஷயம். கம்பிகளைச் சுருதி சேர்ப்பது ஒன்று. மற்றொன்று நீ போனில் கேட்டது.

"இதுல மொதோ கம்பி எதுடா?"

"இருக்கறதுலயே மெல்லிசா இருக்குல்ல, அதான் ஒண்ணாவது."

மீதியை நீயே தேடினாய். சேலைக்குப் புது பார்டர் பார்க்கப் பாஷா பாயின் பிரவுசிங் சென்டருக்குப் போகிறவள், ஒரு நாள் கிட்டார் என்று அடித்துப் பார்த்திருக்கிறாய். ஒரு பயிற்சிப் பக்கம் கிடைத்தது. ப்ளூஸ் வாசிக்கக் கற்றுத்தரும் பக்கம். திரையில் ஆறு கோடுகள் படுத்திருக்கும், அவைதான் கம்பிகள். குறுக்கே கட்டங்கள். எந்தக் கட்டத்தில் விரல் வைக்க வேண்டுமோ அங்கே புள்ளி. தொடங்கும் இடம் சிவப்பு. நடுவில் ஒரு நீலப் புள்ளி, அதுதான் அந்த இசைக்கு அதன் வலியைக் கொடுப்பது. வேகத்தைத் தேர்ந்து ஒரு பொத்தானை அழுத்தினால் டிரம்ஸும் பேஸ் கிட்டாரும் சுற்றிச் சுற்றி வரும். அதன் மேல் நாம் புள்ளிகளை வாசித்துப் பழக வேண்டும்.

பாய் கடையில் அந்தப் பொத்தான் வெறும் பொத்தான். எல்லா ஹெட்போன் வயரும் பிய்ந்து கிடந்தது. சத்தமில்லாத இசையை நீ கண்ணால் படித்தாய்.

பாய் கிண்டல் செய்வார் என்று சொல்வாய்.

"இன்னாம்மா, கம்ப்யூட்டருக்கு முன்னாடி குந்திகினு கட்டம் போட்டுகினு கீற? பிரிண்ட் எட்த்தா ஆவாதா?"

"உங்க பிரிண்ட்ல எல்லாம் கருப்பா வருது பாய். செவப்பும் நீலமும் தெரியல."

"கலரு மிஷினு வந்தா மொதோ காப்பி உனுக்குதான், ஜல்தி எழுது."

நீ கிராஃப் தாளில் எழுதினாய். சேலை டிசைன் போடுகிற அதே தாள், அதே கலர் பென்சில். ஐந்து தாள்கள்.

ப்ளூஸ் என்றால் என்ன என்று கேட்டாய். நான் படித்ததை நீளமாக ஒப்பித்தேன். அமெரிக்காவில் அடிமைகளாகப் பருத்திக் காட்டில் வேலை செய்தவர்கள், அவர்கள் வழி வந்தவர்கள், அவர்களின் பாட்டு. நீ கேட்டுவிட்டுச் சொன்னாய்: "அவங்களுக்குப் பருத்தி. நமக்குப் பட்டு. சரி, வாசிக்கலாம்."

*

நெசவு டிசைனை யாரும் மேலிருந்து படிப்பதில்லை. தறியில் முதல் இழை எது விழுகிறதோ அதுதான் தாளின் கடைசி வரி. கீழ் வரி ஒன்று. அதற்கு மேல் இரண்டு. பத்து வருடம் நீ அப்படித்தான் தாளைப் பார்த்தாய்.

அந்தப் பயிற்சிப் பக்கத்தில் முதல் கம்பி மேலே இருக்கும்.

நீ கீழிருந்து எண்ணினாய். ஓரத்தில் கம்பிகளின் பெயர் ஆங்கில எழுத்தில் இருந்தது. மேலேயும் ஈ, கீழேயும் ஈ. அது உனக்கு என்ன சொல்லியிருக்கும்? முதல் கம்பி மெல்லியது என்று நான் சொன்னேன். முதல் வரி கீழே என்று தறி சொன்னது. இரண்டையும் நம்பினாய்.

நீ முதலில் பழகிய வடிவம் மேலும் கீழும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். கவிழ்த்தாலும் பார்வைக்குப் பெரிய மாற்றமில்லை. இரண்டு கம்பிகளில் விரல் ஒரு கட்டம் தள்ளி விழும். நீலப் புள்ளி இடம் மாறும். அவ்வளவுதான். அவ்வளவு போதும்.

தீபாவளி விடுமுறையில் நீ எனக்கு வாசித்துக் காட்டினாய். ஏதோ உறுத்தியது. அது புது மாதிரி இசை, அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். உன் விரல்கள் ஓடிய வேகத்தைத்தான் பார்த்தேன். நான் விட்டுப்போன இடத்தை எப்போதோ தாண்டியிருந்தாய். நான் படிக்கிறவன். நீ பத்தாவதோடு நின்றவள். கிட்டாரைப் பிடுங்கி உறையில் போட வேண்டும் போல இருந்தது. இதை யாரிடமும் சொன்னதில்லை.

சென்னை திரும்பியதும் பல்கலைக்கழக லேபில் அந்தப் பக்கத்தைத் திறந்தேன். ஹெட்போன் இருந்தது. சத்தம் வந்தது. புள்ளிகள் ஒவ்வொன்றாக எரிந்து, ஒவ்வொன்றாக ஒலித்தன. கால் மணி நேரத்தில் தெரிந்துவிட்டது. நீ எங்கே தவறினாய், ஏன் தவறினாய், எல்லாமே. நானும் தறி வீட்டுப் பிள்ளைதானே.

எனக்குள் ஏதோ தளர்ந்தது. சந்தோஷம் என்று எழுதக் கை கூசுகிறது. சந்தோஷம்தான்.

அன்று சாயங்காலம் நீயே போன் செய்தாய்.

"அந்தப் பக்கத்த பாக்கறேன்னியே, பாத்தியாடா? சத்தம் வந்துதா?"

"வந்துதுக்கா. கேட்டேன்."

"நான் வாசிக்கறா மாதிரியே இருக்கா?"

"அப்படியே இருக்குக்கா."

நீ சிரித்தாய். சத்தமாக, பக்கத்தில் யாரிடமோ "அப்படியே இருக்காம்" என்றாய். யாரிடம் சொன்னாய்? அம்மாவிடமா?

*

அடுத்த மாதம் திருத்திவிடலாம் என்றிருந்தேன். போனில் எப்படிச் சொல்வது, நேரில் சொல்லலாம். நேரில் வந்தபோது தினேஷும் கூட வந்தான்.

மாட்டுப் பொங்கல். சித்தப்பா வீட்டார் எல்லோரும் நம் கூடத்தில். தினேஷ் தான் கொண்டுவந்த கிட்டாரில் தாளத்தைப் பிடித்தான். "அக்கா, நீங்க மேல வாசிங்க" என்றான். நீ பட்டுப்புடவையில் உட்கார்ந்திருந்தாய், கொசுவத்தை ஒதுக்கி, கிட்டாரை மடியில் வைத்து. தொடங்கினாய்.

இரண்டாவது சுற்றில் அவன் நிறுத்திவிட்டான். சிரித்தான். கெட்ட சிரிப்பில்லை, அக்கா. ஆச்சரியச் சிரிப்பு. கூடத்துக்கு அந்த வித்தியாசம் தெரியுமா? எல்லோரும் சிரித்தார்கள்.

"அக்கா, முழுசா கவுத்துப் படிச்சிருக்கீங்க! யாருக்கா சொல்லிக் குடுத்தது?"

"கலா, நீ பொடவையில பூவே போடு. பாட்டுல போடாத" என்றார் சித்தப்பா. மறுபடி சிரிப்பு.

நீ அவனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாய்.

"உனக்குத் தெரியுமாடா?"

அம்மா வடைத் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். அவளும் என்னைப் பார்த்தாள்.

"எனக்கெப்படிக்கா தெரியும்?"

நீ கிட்டாரை உறையில் வைத்து ஜிப்பை இழுத்தாய். அந்த ஜிப் சத்தம். பிறகு எல்லோருக்கும் காபி போட்டாய். அதற்குப் பிறகு என் போன்களில் சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டாய்.

*

போன வாரம் பாஷா பாயைப் பார்த்தேன். பிரவுசிங் சென்டர் இல்லை. செல்போன் கடை. என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"கலா தம்பிதானே நீ? உங்கக்கா மாதிரி ஒரு ஆள் வரல்லபா அப்பறம். கடைசியா பொங்கல் முட்ஞ்சு வந்துச்சு. சொந்தமா ஹெட்போன் எட்த்துகினு வந்துச்சு. ஒரு சிஸ்டம்ல சொருவுனா சத்தமே வரல, பேஜாராப் பூட்ச்சு. அப்பறம் என் சிஸ்டத்துலயே குந்த வெச்சேன். ரொம்ப நேரம் கேட்டுகினு இருந்துச்சு."

"ஏதாவது சொன்னாளா பாய்?"

"ஒண்ணே ஒண்ணு கேட்டுச்சு. பாய், இந்தச் சத்தம் இப்பதான் போட்டாங்களா, மொதோலேந்தே வருமான்னு. மொதோலேந்தே வரும்மா, நம்ம கடையிலதான் வரலன்னேன். சரின்னு தலையாட்டிச்சு. பூட்ச்சு."

அவருக்கு அது சின்னக் கேள்வி. நான் கடை வாசலில் நின்றுகொண்டே இருந்தேன். எதிரே வேலூர் பஸ் ஆள் ஏற்றிக்கொண்டு போனது.

முதலிலிருந்தே சத்தம் வரும் என்றால், லேபில் கேட்டேன் என்று சொன்னவன் எல்லாவற்றையும் கேட்டிருப்பான், தெரிந்தேதான் அப்படியே இருக்கிறது என்றிருப்பான். உனக்கு அதைக் கணக்குப் போட எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? பாய் கடையிலிருந்து வீடு வரைக்கும்கூட ஆகியிருக்காது.

ஆறு மாதம் இருந்தது உனக்கு. ஏன் என்னைக் கேட்கவில்லை?

*

வீட்டுக்கு வந்துதான் கிட்டாரை இறக்கினேன். உறையின் பக்கப் பையில் ஐந்து தாள்களும் இருந்தன.

தறிக்கு டிசைனைச் சொல்லும் ஜக்கார்டு அட்டையில் துளை தவறி விழுந்தால் தூக்கிப் போட மாட்டார்கள். சின்னக் காகிதத் துண்டு ஒட்டி அடைத்துவிட்டு, சரியான இடத்தில் குத்துவார்கள். அதையேதான் செய்திருக்கிறாய். தவறான புள்ளி ஒவ்வொன்றின் மேலும் கட்டம் அளவுக்கு வெட்டிய வெள்ளைத் துண்டு. சரியான இடத்தில் புதுப் புள்ளி. நீலம் இடம் மாறியிருந்தது. ஓரத்து எண்களை அடித்து, மேல் வரிக்கு ஒன்று என்று போட்டிருந்தாய். ஐந்து தாளிலும்.

டிசைன் யாருக்குப் போகிறது என்று தாளின் கீழ் மூலையில் பெயர் எழுதுவது உன் வழக்கம். அங்கே முதலில் கலா என்றிருந்தது. அதன் மேலும் ஒரு வெள்ளைத் துண்டு. அதில் முரளி.

என் பெயர். வேறொன்றும் எழுதவில்லை.

எனக்கென்று கொடுத்தாயா, அக்கா? இல்லை, நான் மறைத்தது தெரியும் என்று சொன்னாயா? ஒட்டிய பிறகு ஒரு தடவையாவது வாசித்தாயா? அம்மா சொல்வது போல் தொடவே இல்லையா?

இப்போது வீட்டில் இன்டர்நெட் இருக்கிறது. அந்தப் பக்கம் இன்னும் இருக்கிறது, நிறம் மட்டும் மாற்றியிருக்கிறார்கள். நேற்று மத்தியானம் டிரம்ஸை ஓடவிட்டு, முதலில் உன் பழைய கணக்கில் வாசித்தேன். அது அழகாக இருந்தது என்று எழுத ஆசை. இல்லை. தவறு தவறாகத்தான் ஒலித்தது. பிறகு நீ ஒட்டிய கணக்கில். விரல் எரிந்தது. மூன்றாவது சுற்றில் நீலப் புள்ளி அதன் இடத்தில் விழுந்தது. ராட்டைச் சத்தம் நின்றது. அம்மா கதவருகே வந்தாள்.

"கலா வாசிச்சது இதானே?"

"இது இல்லம்மா."

"பின்ன?"

டிரம்ஸை நிறுத்தினேன். அவள் ராட்டைக்குத் திரும்பினாள். அந்தக் கேள்விக்காகத்தான் இன்று எழுதுகிறேன்.

தினேஷ் கல்யாணத்துக்குப் போவேன். அதற்கு முன்னால், நாளைக் காலை, அம்மா ராட்டைக்கு உட்காருமுன் இந்தக் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டுவேன். மேலிருந்து தொடங்கினால் பாதியில் நிறுத்திவிடுவேன், என்னை எனக்குத் தெரியும். அம்மாவும் நீயும் தாளைப் படிக்கிற மாதிரியே படிக்கிறேன். கடைசி வரி முதலில். அதற்காக அதை இங்கே வைக்கிறேன்.

அம்மா, சிரித்தவன் தினேஷ். தெரிந்திருந்தும் அக்காவிடம் சொல்லாமல் இருந்தவன் நான்.

உன் தம்பி,
முரளி