கோல் விழுந்த சத்தம்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நான் நன்றாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி தேவலையா? அம்மாவுக்கு இருமல் நின்றதா? போனில் எவ்வளவு கத்தினாலும் உங்கள் காதில் ஏறாது, அதனால் எழுதுகிறேன்.

உலகக் கோப்பை கால்பந்து முடிந்து இங்கே ஊரே அடங்கிவிட்டது. எங்கள் ரூமில் மட்டும் பேச்சு ஓயவில்லை. "நீ ஸ்டேடியத்துலயே இருந்தவனாச்சே, அந்தக் கடைசி கோலைப் பத்திச் சொல்லுடா" என்று எலக்ட்ரீஷியன் அண்ணன் பிடுங்குகிறார். எதைச் சொல்ல? பைனல் முழுக்க நான் கேலரிக்கு அடியில் கேன்டீனில் தட்டு கழுவிக்கொண்டிருந்தேன்.

ஆனால் கேட்டேன் அப்பா! கடைசி பெனால்டிக்கு முன்னால், தலைக்கு மேல் அத்தனை ஆயிரம் பேரும் மூச்சை அடக்கிவிட்டார்கள். குழாய் சொட்டுவது எனக்குக் கேட்டது. அப்புறம் எழுந்தது பாருங்கள் ஒரு சத்தம்! அடுக்கிய தட்டுகளெல்லாம் கிலுகிலுவென்று ஆடின. கூரைதான் இடிகிறது என்று தட்டு கழுவும் தொட்டிக்கு அடியில் புகுந்தேன். அங்கே எனக்கு முன்னாலேயே சமையல் மாஸ்டர் உட்கார்ந்திருந்தார். பயப்படாதீர்கள், தொட்டியில் இடித்து தலையில் சின்னப் புடைப்புதான். மனுஷத் தொண்டைக்கு இவ்வளவு வலுவா என்று இன்னும் உடம்பு சிலிர்க்கிறது.

நீங்கள் டி.வி.யில் சத்தம் கேட்காமல் பார்த்திருப்பீர்கள். நான் பார்க்காமல் கேட்டேன். என் பாதியை எழுதிவிட்டேன். பந்து எந்தப் பக்கம் போனது, கோல்கீப்பர் எப்படிப் பாய்ந்தார், எல்லாம் உங்கள் கையாலேயே எழுதுங்கள்.

வேலைக்குப் போகிற வேன் ஹாரன் அடிக்கிறது. சீக்கிரம் எழுதுங்கள் அப்பா. ரூம் டி.வி.யில் அந்த கோலை மறுபடி போட்டுக் காட்டினால் நான் எழுந்து வெளியே போய்விடுகிறேன். நீங்கள் சொல்லித்தான் அதைப் பார்க்க வேண்டும்.

உங்கள் மகன்