அத்தா வைத்த சப்போட்டா

நாகூர்
9.6.1996

அன்புள்ள அத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் காவலில் நானும் அம்மாவும் ஆடுகளும் இங்கே சுகமாக இருக்கிறோம். அங்கே அரபு நாட்டில் வெயில் இன்னும் கூடியிருக்கும். ரோட்டோர மரங்களுக்குத் தண்ணீர் விடும்போது உங்கள் தலையிலும் கொஞ்சம் விட்டுக்கொள்ளுங்கள்.

இந்தக் கடிதத்தை அம்மா சொல்லி நான் எழுதவில்லை, நானாகவே எழுதுகிறேன். அம்மா சொல்லச் சொல்ல எழுதியே பழகிவிட்டதால் முதல் வரி வருவதற்குள் அடுப்பில் கஞ்சி பொங்கிவிட்டது. எட்டாம் வகுப்போடு நின்றவள் எழுத்து. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் வைத்துவிட்டுப் போன சப்போட்டா காய்த்துவிட்டது. ஆனால் அது சப்போட்டா இல்லை. அதனால் அம்மா அதை வெட்டவேண்டும் என்கிறார்கள். உங்கள் பதில் வரும்வரைதான் பொறுப்பார்களாம்.

மாசி மாதம் அது பூத்தபோது அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. தெரு முழுக்கச் சொல்லிவிட்டார்கள். முதல் பழம் தர்காவுக்கு, அடுத்தது ஜொஹரா மாமிக்கு என்று பங்கும் போட்டாகிவிட்டது. பிறகு காய் வந்தது. பெரிதாகும், பெரிதாகும் என்று காத்திருந்தோம். வேப்பம்பழம் அளவு வந்ததும் அதற்கு மேல் பெரிதாகாமல் மஞ்சளாகப் பழுத்துவிட்டது. ஜொஹரா மாமி சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து அம்மாவிடம், “ஏன் சஃபியா, ஒங்க சப்போட்டா நோம்பு புடிக்கிதா? இப்படி எளச்சுக் கெடக்குது?” என்று கேட்டார்கள். அம்மா அன்று முழுக்கக் கொல்லைப்பக்கம் போகவே இல்லை.

நான் போனேன். ஒன்று பறித்துத் தின்று பார்த்தேன். அத்தா, அவ்வளவு இனிப்பு! மடி நிறையப் பறித்துத் தின்றேன். அதில் பால் இருப்பது எனக்குத் தெரியாது. உதடு இரண்டும் கோந்து போட்டதுபோல ஒட்டிக்கொண்டன. அந்த நேரம் பார்த்துப் புது வீட்டு வேலைக்காகக் கொத்தனார் வைரக்கண்ணு வந்து, அம்மா இருக்கிறார்களா என்று கேட்டார். வாயைத் திறக்க முடியாமல் தலையை மட்டும் ஆட்டிவிட்டு உள்ளே ஓடினேன். அவர் அம்மாவிடம், “ஒங்க பொண்ணு மாதிரி அடக்கமான புள்ளைய நான் பாத்ததில்லம்மா” என்றாராம். சாதாரண நாளிலேயே நான் பேசமாட்டேன் என்பது அவருக்குத் தெரியாது. அம்மா மட்டும் அந்தச் சந்தோஷத்தில் சப்போட்டாவைக் கொஞ்சம் மறந்திருந்தார்கள்.

அது என்ன மரம் என்று சொன்னது கண்ணாத்தாள். கோடியக்கரைப் பக்கத்திலிருந்து கருவாடு கொண்டுவருவாளே, அவள்தான். கூடையை இறக்கி வைத்தவள் மரத்தைப் பார்த்துவிட்டு, “அடி ஆத்தீ! இது பாலை மரமில்ல? இங்க எப்படி புள்ள வந்துச்சு?” என்று கேட்டுக்கொண்டே வாயில் அள்ளிப் போட்டாள். பழம் தின்னும் முன்னால் உதட்டில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ள வேண்டுமாம். எனக்கும் தடவிவிட்டாள். இப்போது ஒட்டுவதில்லை.

அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவர்கள் பக்கத்தில் மேடு கண்ட இடமெல்லாம் பாலை நிற்குமாம். எவ்வளவு கோடை அடித்தாலும் இலை கொட்டாதாம். ஆடுமாடு ஓட்டிப் போகிறவர்களுக்கு அதுதான் நிழல். மரம் இரும்பு மாதிரி இருப்பதால் உலக்கைக்கும் செக்குக்கும் வெட்டினார்கள், மிச்சத்தை விறகுக்கு வெட்டினார்கள். இப்போது இறால் குளம் வெட்டுகிறவர்கள் மேட்டையே மிஷின் வைத்து வாரிவிடுகிறார்கள். புதுக் கன்று முளைத்தாலும் மெதுவாகத்தான் வளரும், அதற்குள் ஆடு கடித்துவிடும், இல்லையென்றால் வேலிக்காத்தான் முள் மூடிவிடும். “சர்க்கார் காட்டுக்குள்ள நிறைய நிக்குது, அதுக்குக் கவலையில்ல. வெளிய ஒரு வூட்டுக் கொல்லையில நின்னு நான் பாத்ததே இல்ல. நீங்க தண்ணி வேற ஊத்தி வளத்திருக்கீங்க!” என்று சிரித்தாள். போகும்போது மடியில் பழம் கட்டிக்கொண்டாள். பதிலுக்குக் கருவாடு வைத்துவிட்டுப் போனாள்.

அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. நர்சரிக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று ஒரு கிளையை ஒடித்து எடுத்துக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு கீழ்வேளூருக்குப் பஸ் ஏறினார்கள். பஸ்ஸில் அந்தக் கிளை எல்லார் முகத்திலும் குத்தியது. கண்டக்டர், “அதுக்கும் டிக்கெட் எடுத்துருங்கம்மா” என்றார். நான் முக்காட்டை முகம் வரைக்கும் இழுத்துக்கொண்டேன்.

நர்சரிக்காரர் இராஜாங்கம் கோபப்படவே இல்லை. எங்களை உட்காரவைத்து மோர் கொடுத்தார். சப்போட்டாவைப் பாலைக்கன்றின் மேல்தான் ஒட்டுக் கட்டுவார்களாம். பாலை வேர் வறட்சியும் தாங்கும், உப்பு மணலும் தாங்கும். அதனால் அடி பாலை, தலை சப்போட்டா. ஒட்டு பிடித்ததும் பாலையின் தலையைக் கிள்ளிவிடுவார்கள். “மேல உள்ள ஒட்டு செத்துப்போச்சுன்னா அடியிலேருந்து பாலை தழைச்சு வந்துரும். வச்ச புதுசுல ஆடுகீடு கடிச்சுச்சாம்மா?” என்று கேட்டார்.

அம்மா கையிலிருந்த கிளையைக் கீழே வைத்துவிட்டார்கள்.

அத்தா, ஆட்டைப் பற்றி எழுதக்கூடாது என்று அம்மா சத்தியம் வாங்கியிருக்கிறார்கள். கை தவறி எழுதிவிட்டேன், இனி அடித்தால் தாள் அசிங்கமாகிவிடும். நீங்கள் விமானம் ஏறிய அந்த வாரமே நம் வெள்ளைக் குட்டி கன்றின் தலையைக் கடித்துவிட்டதாம். அம்மா அழுதுகொண்டே முள் வைத்து அடைத்தார்களாம். அடியிலிருந்து துளிர் வந்ததும், உயிர் பிழைத்துவிட்டது என்று நினைத்து, கன்று நலம் என்று உங்களுக்கு எழுதச் சொன்னார்களாம். அந்த நலம்தான் ஒன்பது வருடமாக ஒவ்வொரு கடிதத்திலும் போய்க்கொண்டிருக்கிறது. நீங்கள் மட்டும் என்ன, இரண்டு முறை லீவில் வந்தீர்கள். இரண்டு முறையும் இலையைத் தடவிப் பார்த்து, அசல் சப்போட்டா என்று சொல்லிவிட்டுத்தான் போனீர்கள். அதனால் அம்மாவைத் திட்டாதீர்கள்.

நான் அந்த நர்சரியில் ஒரு காரியம் செய்தேன். நீங்கள் நம்பமாட்டீர்கள். பின்பக்கம் வரிசை வரிசையாகப் பாலைக்கன்று நின்றது. எல்லாம் ஒட்டுக் கட்டுவதற்கு. அதைப் பார்த்து, “இதுல ஒண்ணக்கூட பாலையாவே வளர விடமாட்டீங்களா?” என்று கேட்டுவிட்டேன். என் குரல்தானா என்று அம்மா திரும்பிப் பார்த்தார்கள். இராஜாங்கம் ஒரு கன்றைத் தொட்டுப் பார்த்தார். “இத்தன வருஷமா வளக்குறேன் பாப்பா, எல்லாத்துக்கும் தலையத்தான் கிள்ளியிருக்கேன். பாலைன்னு கேட்டு யாரும் வந்ததில்ல” என்றார். அப்புறம், விதைக்காக வேதாரண்யம் வரைக்கும் ஆள் அனுப்புவதாகவும், நம் வீட்டு மரத்தை வெட்டவேண்டாம், கொட்டையைச் சேர்த்து வைத்தால் வந்து எடுத்துக்கொள்வதாகவும் சொன்னார். தஸ்பீஹ் மாலை மணிபோல கறுப்பாக மினுமினுக்கிற கொட்டை, அத்தா. கழுவி டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். கொஞ்சத்தை நானே மண்ணில் ஊன்றிக் கோழி கிளறாமல் கூடை கவிழ்த்திருக்கிறேன்.

இப்போது பிரச்சனை மாடிப்படி. புது வீட்டுக்குப் படிக்கட்டு கொல்லைப்பக்கம், மரம் நிற்கிற இடத்தில்தான் வரும் என்று கொத்தனார் கயிறு பிடித்து அளந்துவிட்டார். சப்போட்டாவை மட்டும் விட்டுவிடுங்கள் என்று நீங்கள் எழுதியிருந்ததால் இதுவரை யாரும் கை வைக்கவில்லை. “சப்போட்டாவத்தான வுடச் சொன்னாக, இது வேற மரம்தான” என்று அம்மா இப்போது சட்டம் பேசுகிறார்கள். கிழக்குப் பக்கமும் படி வைக்கலாமா என்று கொத்தனாரிடம் நானே கேட்டேன். வைக்கலாம், ஆனால் வீட்டுக்காரர் சொல்லவேண்டும் என்றார். அடக்கமான பிள்ளை என்று இனி அவர் சொல்லமாட்டார்.

இது உங்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். அங்கே கடையில் சப்போட்டாவைப் பார்க்கும்போதெல்லாம் நம் வீட்டு மரத்தை நினைத்துக்கொள்வேன் என்று ஒரு தடவை எழுதியிருந்தீர்கள். இனிமேலும் நினைத்துக்கொள்ளுங்கள். சித்திரை வெயிலில் தெருவே காய்ந்து கிடந்தபோது இது மட்டும் பச்சையாக நின்றது. ஆடுகளும் நானும் அதன் அடியில்தான் இருந்தோம். நீங்கள் இல்லாத வருடம் எல்லாம் இது இங்கே இருந்திருக்கிறது. வேறு பெயரில் இருந்ததற்கு அது என்ன செய்யும்?

இதில் ஒரு இலை வைத்திருக்கிறேன். நுனியைப் பாருங்கள், உள்ளே மடங்கி வெட்டுப்பட்டதுபோல இருக்கும். சப்போட்டா இலைக்கு அப்படி இருக்காதாம். அடுத்த முறை அசல் என்று சொல்வதற்கு முன்னால் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அம்மா வெட்டவேண்டும் என்று சொல்லிக்கொண்டேதான் இருக்கிறார்கள். ஆனால் தொழுகைக்கு ஒளு செய்வதற்கு இன்றைக்கும் அந்த மரத்தடியில்தான் உட்கார்ந்தார்கள். தண்ணீர் முழுக்க வேருக்குத்தான் போனது. கடிதத்தை ஒட்டப் போகிறேன் என்றதும் அம்மா இதைச் சேர்க்கச் சொன்னார்கள், அப்படியே எழுதுகிறேன்: “அவுக வந்து கண்ணால பாத்துட்டு, தன் வாயால வெட்டுன்னு சொல்லட்டும். அதுவரைக்கும் நான் தொடல.”

அதனால் அத்தா, கிழக்குப் பக்கம் என்று ஒரு வரி எழுதிப் போட்டாலும் போதும். ஆனால் எழுதாமல் நீங்களே வந்து கைகாட்டினால் இன்னும் நல்லது. அடுத்த வைகாசியில் பழம் இருக்கும். உதட்டுக்குத் தேங்காய் எண்ணெய் நான் எடுத்து வைக்கிறேன்.

அல்லாஹ் உங்களுக்கு நல்ல சுகத்தையும் சீக்கிரம் லீவையும் தரட்டும். ஆமீன்.

இப்படிக்கு,
உங்கள் துஆவை நாடும் மகள்
அனீஸா