ஜெயசித்ராவை உள்ளே விட்டதற்கு

சாரம், புதுச்சேரி

அம்மாவுக்கு வணக்கம்.

முழங்கால் வலி குறைந்ததா? மாத்திரையை நிறுத்திவிடாதே. நான் நலமாக இருக்கிறேன். போனில் சொன்னால் பதறுவாய் என்றுதான் எழுதுகிறேன்.

எங்கள் வார்டில் பிறந்து இரண்டு நாளான ஒரு குழந்தைக்குத் திங்கட்கிழமை கைகால் நடுங்கியது. ரத்தத்தில் கால்சியம் குறைந்திருக்கும் என்று டாக்டர் சந்தேகப்பட்டார். ரத்தப் பரிசோதனை முடிவு வர நேரமாகும், ஈசிஜியில் சீக்கிரம் தெரியும் என்றார். ஆனால் நடுக்கத்தில் கோடு வெறும் கிறுக்கலாக வந்தது. நான் பிடித்தால் வீறிட்டு அழுது இன்னும் உதறினான்.

"பாப்பா அடங்குனாதான் எடுக்க முடியும் சிஸ்டர்," என்றார் டெக்னீஷியன் செல்வகுமார்.

குழந்தையின் தாய் ஜெயசித்ரா மீன் விற்பவள். மற்ற தாய்மார்கள் உள்ளே இருக்க, "வாடை அடிக்குது" என்று சூப்பர்வைசர் இவளை மட்டும் வெளியே உட்கார வைத்திருந்தார். பிள்ளை பெற்று இரண்டு நாளான உடம்பில் என்ன மீன் வாடை? நான் அவளைக் கூட்டி வந்தேன்.

"நான் எதையும் பாக்கல சிஸ்டர்," என்று செல்வகுமார் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"என் புள்ளையத் தொடலாமாக்கா?"

"கையையும் காலையும் மெதுவா புடிச்சுக்கோ."

அவள் பிடித்ததும் நடுக்கம் நின்றது. கோடு தெளிவாக வந்தது. ஒவ்வொரு துடிப்பும் அடங்க வழக்கத்தைவிட அதிக நேரம் பிடித்தது; கால்சியம் குறைந்ததற்கு அதுதான் அடையாளம். டாக்டர் உடனே கால்சியம் ஏற்றினார். இப்போது பிள்ளை நன்றாகப் பால் குடிக்கிறான்.

அனுமதியில்லாமல் அவளை உள்ளே விட்டதற்கு எனக்கு மெமோ. மன்னிப்புக் கடிதம் கேட்கிறார்கள். தர மாட்டேன். நீ பயப்படாதே. பீரோவில் இருக்கும் என் நர்சிங் சான்றிதழ்களைப் பதிவுத் தபாலில் அனுப்பு. சும்மா கையில் இருக்கட்டும். கூடவே உன் பழைய நூல் புடவை ஒன்றையும் வை. போர்த்திக்கொள்ள வேண்டும்.

டூட்டிக்கு நேரமாகிவிட்டது.

உன் மகள்,
இசக்கியம்மாள்