கல் உதிராத மிளகுத் திரிகை குறித்து ஆம்பல்நாட்டு அரசியார் விடுத்த ஓலை

மழை முறை மாறாமல் பொழிக. வேங்கைவரைச் சாரலில் மிளகுக்கொடி கணுவுக்குக் கணு காய்த்துத் தொங்குக. குன்றங்கள் அனைத்துக்கும் உடையவரும், வேங்கைப்பூ மாலை சூடியவரும், ஆம்பல்நாட்டு அரசகுலத்துக்குச் சம்பந்தியுமாகிய அடலேறு மாவரையர் திருமுன்பு, ஆம்பலூர் அரண்மனை ஓலைநாயகம் தழையூர் மதிவாணன், தன் அரசியார் செங்கழுநீர் நாச்சியார் திருவாய் மலர்ந்தருளியபடி எழுதும் ஓலை. தங்கள் நாடும் குடியும் படையும் கால்நடையும் நலமாகுக. தங்கள் பற்களும் நலமாகுக. இந்தக் கடைசி வாழ்த்து வேண்டாம் என்று ஓலைநாயகம் பணிந்து சொல்லியும், அதுதான் முதலில் வரவேண்டியது என்று அரசியார் சேர்க்கச் செய்தார்.

சென்ற அறுவடைத் திருநாளில் தாங்கள் ஆம்பலூருக்கு எழுந்தருளியபோது நடந்ததைத் தாங்கள் மறந்திருக்க வழியில்லை. சம்பந்திக்கு இடும் முதற்சோற்றை மடைப்பள்ளிச் சமையற்காரரிடம் விடாமல், வீட்டுக்குரியவள் தன் சொந்த அடுக்களையில் தன் கையால் சமைப்பது இந்நாட்டு முறை. அரசியாக இருந்தாலும் அடுப்பு ஊதித்தான் ஆகவேண்டும். அவ்வாறே அரசியார் மிளகுச்சோறு சமைத்தார். வரும் விருந்தினர் மிளகு விளையும் நாட்டுக்கே மன்னர் என்பதால் பொடியில் குறை இருக்கக்கூடாது என்று எண்ணி, அன்று காலையில்தான் தம் கல்திரிகையைப் புதிதாகக் கொத்தச் செய்தார். கொத்திய கல்லில் முதலில் தவிட்டை இட்டு இரண்டு மூன்று தரம் அரைத்துக் கொட்டினால்தான் உதிரும் கல் எல்லாம் போகும். இது அவர் அறியாததன்று. ஆனால் தங்கள் முரசு எதிர்பார்த்த நேரத்துக்கு முன்பே கோட்டைவாயிலில் ஒலித்துவிட்டது. அந்தப் பரபரப்பில் தவிடு மறந்துபோயிற்று. இரண்டாம் கவளத்தில் கல் அகப்பட்டது. தங்கள் கடைவாய்ப்பல் பாதியாக உடைந்து இலையில் விழுந்தது.

தங்கள் வேங்கைவரையில் ஒருவர் சோற்றில் கல்லை வைத்துப் பரிமாறினால் உறவு இத்தோடு முறிந்தது என்று பொருளாம். ஆம்பல்நாட்டார் இதை அதன்பிறகே அறிந்தனர். இங்கே சோற்றில் கல் கிடந்தால் அரிசி களைந்தவரைத் திட்டுவதோடு சரி. தாங்கள் இலையை மடிக்காமலே எழுந்து குதிரை ஏறினீர்கள். அரசியார் வாசல்வரை ஓடிவந்து சொன்ன சொல் எதுவும் தங்கள் செவியில் ஏறவில்லை.

தங்கள் மருமகளும் அரசியாரின் ஒரே மகளுமாகிய மருதநங்கையாருக்கு இப்போது ஏழாம் மாதம். வளையல் அடுக்கித் தலைப்பேற்றுக்குத் தாய்வீடு அழைத்துவர அரசியார் அனுப்பிய பல்லக்கு வெறுமையாகத் திரும்பிவந்தது. கல்லை இட்ட கை பிள்ளையைத் தாங்கும் கை ஆகாது என்று தாங்கள் சொல்லியனுப்பியதாக, பல்லக்கோடு சென்றவர்கள் தலைகுனிந்து உரைத்தனர். அன்று மாலை அரசியார் அழுதார். அரச ஓலையில் இதை எழுதுவது தகாது என்று மறைக்க ஓலைநாயகத்துக்கு மனம் வரவில்லை.

மறுநாள் காலை அவை கூடியபோது அவர் முகத்தில் அழுகையின் சுவடு இல்லை. பொன்னால் ஒரு பல் செய்து அனுப்பலாம் என்றார் ஒருவர். யானைகளை அனுப்பலாம் என்றார் இன்னொருவர். படைத்தலைவர் வெட்சியூர்க் கூற்றனாரோ, எல்லைக்குப் படையை நகர்த்தினால் மன்னர் தாமே இறங்கிவருவார் என்றும், நாட்டில் உள்ளதிலேயே சிறந்த உருக்கைப் புதிய வாள்களுக்கென ஒதுக்கிவைத்துவிட்டதாகவும் மீசையைத் தடவிக்கொண்டே விண்ணப்பித்தார். எல்லாவற்றையும் கேட்டிருந்த அரசியார், பிழை திரிகையிலிருந்து வந்தது, ஆகவே பரிகாரமும் திரிகையிலிருந்தே வரும் என்றும், நம்பி மிளகு திரிக்கத்தக்க திரிகை ஒன்று தம் அடுக்களைக்கு வந்துசேரும்வரை அவையில் வேறு பேச்சு எடுக்கக்கூடாது என்றும் ஆணையிட்டார்.

நாடெங்கும் முரசறைந்தார்கள். திரிகைகள் வந்து குவிந்தன. அரசியார் ஒவ்வொன்றிலும் தாமே மிளகைத் திரித்து, வெள்ளிக் கிண்ணத்து நீரில் பொடியைத் தூவினார். மிளகு மிதக்கும்; கல் இருந்தால் அடியில் போய் உட்காரும். கல்திரிகைகள் எல்லாம் அங்கேயே தோற்றன. பலாமரத் திரிகை மழைக்காற்றில் ஊதிப்போய்ச் சுற்ற மறுத்தது. கடல்வணிகர் ஒருவர் யாளித்தலை வைத்த வெண்கலத் திரிகையைப் பட்டுத்துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். யாளி வாயை நன்றாகத்தான் திறந்திருந்தது. மிளகுதான் வெளியே வரவில்லை. பகைவருக்குப் புறங்காட்டாத படைத்தலைவர் தும்மிக்கொண்டே அவையை விட்டு ஓடினார். நீரில் மிதந்த பொடியை வீணாக்கக்கூடாது என்று அவையோர் எல்லாருக்கும் மிளகுநீர் வழங்கப்பட்டதால் ஓலைநாயகத்தின் வயிறு இன்றளவும் எரிகிறது. போதும் என்று சொல்லும் துணிவு எவருக்கும் வரவில்லை. சொன்னாலும் அரசியார் விடுபவர் அல்லர்.

கடைசியில் அரசியார் கொல்லுலைக்கு நடந்தே சென்று, வாள்களுக்கென ஒதுக்கிய அந்த உருக்கை எடுத்து, உள்ளங்கை அளவில் பல் வெட்டிய இரண்டு வட்டுகள் செய்யச் சொன்னார். படைத்தலைவர் மறித்து நின்று, நாட்டைக் காக்கும் இரும்பை அடுக்களைக்குக் கொடுப்பதா என்று மனம் நொந்து வினவினார். அப்போது அரசியார் சொன்னதை ஓலைநாயகம் சொல் மாற்றாமல் எழுதுகிறான்:

“வாளாக அடித்தால் இது என் மருமகனோடு மோதும். பல்லாக அடித்தால் மிளகோடு மோதும். எனக்கு மிளகோடு மோதினால் போதும், கூற்றனாரே.”

கருங்காலியில் கூடு கடைந்து, அந்த வட்டுகளை உள்ளே பொருத்தினார்கள். ஈரக்கையோடு சுற்றினாலும் சிக்கவில்லை. துடைத்து எண்ணெய் தொட்டுவைத்தபின் அடைமழையிலும் துரு ஏறவில்லை. அரசியார் வேண்டுமென்றே கல்தரையில் போட்டுப் பார்த்தார். மூடி மட்டும் தெறித்தது. மூடி சற்றுத் தளர்வு என்பதைச் சம்பந்தியிடம் மறைக்கவேண்டாம் என்பதும் அவர் ஆணை. எத்தனை முறை திரித்தாலும் வெள்ளிக் கிண்ணத்தின் அடி துலக்கிவைத்தபடியே இருந்தது.

ஆகவே செங்கழுநீர் நாச்சியார் அறிவிப்பதாவது: வரும் வளர்பிறையில் அவர் வேங்கைவரைக்குப் புறப்படுகிறார். உடன் வாள் வராது, வேல் வராது. படைத்தலைவர் வருவார், அவர் கையில் திரிகை இருக்கும், தும்மாமல் கொண்டுவரவேண்டும் என்பது அவருக்கு இட்ட கட்டளை. தங்கள் மலை மிளகைத் தங்கள் கண்முன்னே, தங்கள் வீட்டு அடுக்களையிலேயே அரசியார் திரிப்பார். பொடியைத் தாங்களே நீரில் தூவலாம். அடியில் ஒரு துகள் கல் தங்கினாலும் உறவு முறிந்ததெனத் தாங்கள் முரசறையலாம். அவர் வாய் பேசாமல் வந்த வழியே திரும்புவார். தங்காவிடில் திரிகை தங்கள் வீட்டில் இருக்கட்டும். மருதநங்கையார் தாயோடு பல்லக்கு ஏறட்டும். இதற்கு மறுமொழி எழுதவேண்டியதில்லை. இலை விரித்துவைத்தால் போதும்.

இவ்வாறு ஆணை. ஆம்பல் இலச்சினை இடப்பட்டது. அரக்கில் மிளகுத்துகள் ஒட்டியிருந்தால் பொறுத்தருள்க. இந்நாளில் இந்த அரண்மனையில் அது ஒட்டாத பொருள் கிடையாது.

இலச்சினைக்குக் கீழே அரசியார் தம் கைப்பட எழுதியது:

சம்பந்தியாரே, தங்களுக்குப் பல் இன்னும் வலிப்பதாகக் கேள்விப்பட்டேன். சோற்றைக் குழைய வடித்து, பொடியை மாவாகவே திரித்துத் தருகிறேன். தவிட்டை மறந்தவள் நான். அதற்காக என் பெண்ணை நிறுத்திவைக்காதீர்கள். அவளுக்கு வலி எடுக்கும்போது பிடித்துக்கொள்ள என் கை வேண்டும். அந்தக் கையில் இனிக் கல் இல்லை.