பிக்கப்புக்கு இரண்டு மஞ்சள் லைட்டு

ஜனவரி 4, சனி

பிக்கப்புக்கு இரண்டு மஞ்சள் லைட்டு வாங்கிவிட்டேன். மார்கழிப் பனியில் பரளச்சி ரோட்டில் எனக்கு முன்னால் போவது மயிலா மாடா என்றே தெரிவதில்லை. ஆட்டுச் சந்தைக்கு விடியுமுன் லோடு ஓட்டுகிறவள் நான். வெறும் கண்ணை நம்பி எத்தனை நாள் ஓட்டுவது?

அருப்புக்கோட்டைக் கடையில் ஹரீஷ், "நானே மாட்டித் தாரேன்க்கா. புது வண்டியில கம்ப்யூட்டர் இருக்கு, கண்ட ஒயர்லயும் கை வைக்கக் கூடாது" என்றான். என் வீட்டுக்காரரிடம் போனில் சொன்னதுதான் தாமதம். "ஊருக்கே பம்புசெட்டு மாட்டுறவன் நான். என் வண்டிக்கு இன்னொருத்தன் ஒயர் இழுக்கிறதா?"

என் வண்டியாம்! லைசென்ஸ் என்னிடம்தான் இருக்கிறது.

ஜனவரி 5, ஞாயிறு

காலை முழுக்க பானெட்டுக்குள் தலையை விட்டபடி இருந்தார். பேட்டரியிலிருந்து ஒயர் இழுத்து, எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள தகரத்தில் ஓட்டை போட்டு, உள்ளே சுவிட்சு வைத்தார். எரிந்தது! பெருமை தாங்கவில்லை மனிதருக்கு. இரண்டு தரம் காப்பி கேட்டார், போட்டுக் கொடுத்தேன்.

ஜனவரி 7

ஃபியூஸ் போய்விட்டது. மாற்றினார்.

ஜனவரி 8

மறுபடியும் போய்விட்டது. வண்டி குலுங்கினால் போகிறது. ஹரீஷிடம் காட்டலாமா என்றேன், முகம் சுண்டிவிட்டது.

ஃபியூஸ் இருந்த இடத்தில் செம்புக் கம்பி இழையை முறுக்கி வைத்தார். இந்தப் பக்கத்துப் பம்புசெட்டு எல்லாம் அப்படித்தானே ஓடுகிறது. தண்ணீர் பாய்கிற நேரத்தில் மோட்டார் நிற்கக் கூடாது. ஃபியூஸ் போனால் ஒரு இழை, அதுவும் போனால் இரண்டு இழை. "இனிமே போகவே போகாது பாரு" என்றார். நானும் தலையாட்டினேன். எனக்கும் லைட்டு வேண்டியிருந்தது.

ஜனவரி 10, வெள்ளி



பொங்கல் விற்பனைக்குப் பதினாலு ஆடு. இவரும் கூட வந்தார். நரிக்குடிக்குப் பிரியுற விலக்கு தாண்டினதும் கருகல் வாடை. கால் பக்கம் புகை. சுவிட்சை அணைச்சேன், புகை நிக்கலை. "எறங்குடி, எறங்குடி"ன்னு கத்துறாரு. பின்னால கட்டிக்கிடக்குற உசுருகளை விட்டுட்டு எங்க ஓடுறது? நான் கதவைத் திறந்து ஆடுகளை இறக்க, இவர் பேட்டரியிலிருந்து லைட்டுக்குப் போன ஒயரைப் பிடுங்கினார். இரண்டு விரலில் தோல் உரிந்துவிட்டது. இன்னும் ரெண்டு நிமிஷம் போயிருந்தா — வேண்டாம், எழுதப் பிடிக்கவில்லை.

ஆடுகள் பக்கத்துக் கொல்லையில் மேய்ந்துகொண்டிருந்தன. அதுகளுக்கென்ன.

வீடு வரும்வரை "மட்டமான ஒயரு, மட்டமான ஒயரு" என்றே புலம்பினார். தப்புப் பண்ணிவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் வாயிலிருந்து முத்தா கொட்டிவிடும்? வண்டிக்குத்தான் பயந்தாரோ? நான் உள்ளே இருந்தேனே!

ஜனவரி 13, திங்கள்

ஹரீஷ் ஒயரை உருவிக் காட்டினான். தகரத்து விளிம்பில் உரசி உரசி மேல்தோல் போயிருக்கிறது. குலுங்கும்போதெல்லாம் கம்பி தகரத்தைத் தொட்டிருக்கிறது. "ஃபியூஸு ரெண்டு தடவ கத்திச் சொல்லியிருக்கு அண்ணாச்சி, நீங்க அது வாயக் கட்டிப்புட்டீக."

கனமான புது ஒயர், ஓட்டைக்கு ரப்பர் வளையம், பேட்டரி பக்கத்திலேயே சரியான ஃபியூஸ், சுவிட்சுக்குப் பாரம் ஏறாமலிருக்க ரிலே. ஹெட்லைட் ஒயரை அவன் தொடவே இல்லை. லைட்டைக் கீழே பார்க்கச் சாய்த்து வைத்து, எதிரில் வண்டி வந்தால் அணைத்துவிடச் சொன்னான். இவர் கட்டுப்போட்ட விரலோடு ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஜனவரி 21

நல்ல பனி. லைட்டு நன்றாக எரிந்தது. முன்னால் போனது மயில்தான்.

பிப்ரவரி 2, ஞாயிறு

இவருடைய பங்காளி வீரபாண்டி மத்தியானம் சண்டைக்கு வந்தார்.

"ஏன் மதினி, அண்ணனுக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு? மோட்டார் ஃபியூஸு போச்சு, ஒரு இழை கம்பிய வச்சு விடுங்கண்ணேன்னா மாட்டேங்காரு. ஏன் போச்சுன்னு பாக்கணுமாம். காலையிலருந்து மோட்டாரப் பிரிச்சுப் போட்டு உக்காந்திருக்காரு. அங்க மிளகாச் செடி வாடுது."

"ஏனாம்?"

"'எம்பொண்டாட்டி உள்ள இருக்கயில வண்டி புகைஞ்சதப் பாத்தவன்டா நான். இனி எவனுக்கும் கம்பி வைக்க மாட்டேன்'ங்காரு. சொல்றப்ப கண்ணு வேற கலங்குது."

வீரபாண்டிக்கு மோர் கொடுத்து அனுப்பினேன். இவர் சாப்பிட வரும்போது மணி மூன்று. மோட்டாரில் என்ன கோளாறு என்று மட்டும் கேட்டேன். சோற்றைப் பிசைந்துகொண்டே ஒவ்வொன்றாகச் சொன்னார். பக்கத்தில் உட்கார்ந்து முழுதும் கேட்டேன்.