காவல் நிலைய வாசலில் கரையும் குகைக் கல்

அனுப்புநர்
வெ. ராஜமணி,
நிலவியல் ஆராய்ச்சி மாணவி,
கரமனை, திருவனந்தபுரம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
திருவனந்தபுரம்.

பொருள்: காவல் நிலையத்தில் அபிஷேகம் செய்யப்படும் ஆய்வுக் கல்லை மீட்டுத் தரக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

மொழிச் சிறுபான்மையினருக்குள்ள உரிமையில் தமிழில் எழுதுகிறேன்.

1. நெல்லைப் பக்கம் ஒரு குகையில், கூரையிலிருந்து சொட்டிய நீரின் சுண்ணாம்பு படிந்து படிந்து முழங்கால் உயரத்துக்கு, லிங்கம் போன்ற கல்லாக வளர்ந்திருந்தது. மழைக்காலமும் பஞ்சகாலமும் அதில் வெவ்வேறு படிவுகளாக இருக்கும். நெடுக அறுத்துப் பார்த்தால் பல நூற்றாண்டு மழையை அறியலாம். என் ஆராய்ச்சி இந்த ஒரே கல்லை நம்பியிருக்கிறது.

2. நில உரிமையாளரின் அனுமதியுடன் சென்ற பிப்ரவரியில் அதைப் பஸ்ஸில் கொண்டுவந்தேன். கீறல் விழாதிருக்க அம்மாவின் பழைய பட்டுப்புடவையில் சுற்றியிருந்தேன். என் புத்தியைத்தான் சொல்ல வேண்டும். தம்பானூர் பஸ் நிலையத்தில் சோதனையிட்ட போலீசார், பட்டில் பொதிந்த கல்லைக் கண்டதும் சிலைத் திருட்டு என்று பிடித்துக்கொண்டனர். அனுமதிக் கடிதத்தைக் காட்டியபின் என்னை விட்டார்கள், கல்லை விடவில்லை.

3. இப்போது அது காவல் நிலைய வாசலில், சிமெண்டு மேடையில், விபூதிப் பட்டையுடன் நிற்கிறது. செவ்வாயும் வெள்ளியும் பூசாரி வைத்து எலுமிச்சம்பழம் பிழிகிறார்கள். சுண்ணாம்புக் கல்லில் புளிப்பு பட்டால் நுரைக்கும், கரையும். நுரையைக் கண்டவர்கள் சாமிக்கு உயிர் இருக்கிறதென்று கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். சென்ற ஆண்டு மழை பொய்த்ததால் கூட்டத்துக்குக் குறைவில்லை.

4. ஏட்டு கோமதிநாயகம் நல்ல மனிதர். அறுப்பதற்காகக் கேட்கிறேன் என்றதும், "சாமிய அறுக்கணும்னு ஒரு பெண்குட்டி கேக்கலாமா, மோளே?" என்றார். அதில் கோபமில்லை, வருத்தமே இருந்தது. அதனால் என்னால் சண்டை போடவும் முடியவில்லை.

5. வேறு கல் எடுக்க வழியில்லை. குவாரிக்காரர்கள் சென்ற மாதம் குகையை வெடிவைத்துத் தகர்த்துவிட்டனர். கல்லின் உச்சிதான் அண்மைக் காலம். மழைமானிக் கணக்கோடு ஒப்பிட்டுச் சரிபார்க்க உதவுவது அந்தப் பகுதி மட்டுமே. அதுதான் முதலில் கரைகிறது.

ஆகவே கல்லை என்னிடம் ஒப்படைக்க வேண்டுகிறேன். உடனே இயலாதெனில், பழம் பிழிவதையாவது வரும் செவ்வாய்க்குள் தடுத்து உத்தரவிட வேண்டுகிறேன். அங்கு வேறொரு கல்லை வைத்துக் கும்பிட்டால் நான் குறுக்கே நிற்கமாட்டேன்.

ஐயா, வீட்டிலும் என் பேச்சு எடுபடவில்லை. நேற்று என் ஆராய்ச்சி நல்லபடியாக முடிய வேண்டும் என்று வேண்டிக்கொண்டு, அம்மாவே பழம் வாங்கிக் கொடுத்துப் பிழியச் சொன்னார். பூசாரி தந்த தீர்த்தம் வெள்ளையாகக் கலங்கியிருந்தது. அம்மா கண்ணில் ஒற்றிக்கொண்டார். கீழே ஊற்ற மனம் வராமல் நான் அதைக் குடித்துவிட்டேன்.

திருவனந்தபுரம்,
26.4.2003

தங்கள் உத்தரவுக்காகக் காத்திருக்கும்,
வெ. ராஜமணி