வருஷம் முடியட்டும்

நவம்பர் 9, ஞாயிறு

சிட்லபாக்கத்தில் மழை. கனசாவாவிலும் மழை என்கிறது போன். அந்த ஊரில் சொல்வார்களாம்: சாப்பாட்டு டப்பாவை மறந்தாலும் குடையை மறக்காதே. ஜப்பான் என்றால் எல்லோரும் போகிற ஊர்கள் வேறு. இது கடலோரமாக, கொஞ்சம் ஒதுங்கி இருக்கிறது. அங்கே ஒரு பெரிய தோட்டம். பனிக்காலம் வருமுன் பைன் மரங்களின் உச்சியிலிருந்து கயிறுகளை இறக்கி ஒவ்வொரு கிளையையும் கட்டிவைக்கிறார்கள், பனியின் பாரத்தில் முறிந்துவிடாமலிருக்க. அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காலையில் காபி கொடுக்கும்போது அப்பாவிடம் சொல்லிவிட்டேன்.

"தனியாவா?"

"தனியாத்தான்."

"ஜப்பானுக்கா?"

"ஆமாம்பா. சிக்கனமாத்தான். என் சம்பளத்துலதான்."

டம்ளரைக் கீழே வைத்தார். சண்டைக்குத் தயாராக நின்றேன். "அம்மாவுக்கு வருஷம் முடியட்டும். அப்புறம் போயிட்டு வா" என்றார். அவ்வளவுதான். பேப்பரை எடுத்துக்கொண்டார்.

அம்மா போனது மார்ச் பதினெட்டு. ஒரு வருஷம் துக்கம் காக்க வேண்டும். கோயில் இல்லை, பண்டிகை இல்லை, பயணம் இல்லை. அது முடிய இன்னும் நாலு மாதம். காத்திருக்க எனக்கென்ன? இரண்டு வருஷம் அம்மாவின் டயாலிசிஸ் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காத்திருந்தவள்தானே.

நவம்பர் 18, செவ்வாய்

ஜாஸ்மினிடம் மட்டும் சொன்னேன். அவள் இரும்புலியூர். தாம்பரத்தில் மின்ரயில் ஏறி எனக்கு இடம் போட்டு வருவாள். நான் சானடோரியத்தில் ஏறிக்கொள்வேன். கிண்டி வரைக்கும் பேச்சு.

"தனியா போய் யாருகிட்டடி பேசுவ?"

"யாருகிட்டயும் பேசாம இருக்கத்தான் போறேன்."

"அதுக்கு எதுக்கு ஜப்பான்? எங்க மாமியார் வூட்டுக்கு வா. ஒரு வார்த்தை பேச வுட மாட்டாங்க."

எதிர் சீட்டு அம்மாள்கூடச் சிரித்துவிட்டாள்.

டிசம்பர் 7, ஞாயிறு

போட்டாயிற்று. மார்ச் 30 கிளம்பி ஏப்ரல் 8 திரும்புகிறேன். பாங்காக் வழியாக ஒசாகா, அங்கிருந்து பஸ். இருப்பதிலேயே மலிவான டிக்கெட். ரத்து செய்தால் பணம் வராது, தேதியும் மாற்ற முடியாது. செர்ரி பூக்கிற சமயம், அதற்கே இந்த விலைக்குக் கிடைத்தது அதிசயம். மரங்களின் கயிற்றை அதற்குள் அவிழ்த்திருப்பார்கள். பரவாயில்லை.

வருஷம் முடிந்து பன்னிரண்டு நாள் தள்ளித்தான் போட்டிருக்கிறேன். யாரும் ஒன்றும் சொல்ல முடியாது.

தங்கப்போவது விடுதியில். ஓர் அறையில் எட்டுப் பேர். ஒவ்வொரு படுக்கைக்கும் ஒரு திரை. இழுத்துவிட்டுக்கொண்டால் நாம் இல்லை என்று அர்த்தம். எனக்குத் திரை போட்ட படுக்கை இருந்ததே இல்லை. அம்மாவின் கட்டில் ஹாலில். அதனடியில் என் பாய். இப்போது கட்டில் இல்லை, பாயை இன்னும் அங்கேதான் விரிக்கிறேன்.

ஜனவரி 25, ஞாயிறு

அங்கே எந்தக் குழம்பிலும் மீன் சாறு இருக்குமாம். சாதம் கடைகளில் பொட்டலமாகக் கிடைக்கும். புளிக்காய்ச்சல் கொண்டுபோனால் பிழைத்துக்கொள்ளலாம்.

"பச்சரிசிதானா, புழுங்கலரிசியா?" என்றார் அப்பா.

"ஒட்டற அரிசிப்பா."

"குழைஞ்சிருந்தா புளியோதரை நன்னாயிருக்காது" என்று உண்மையாகவே கவலைப்பட்டார்.

பிப்ரவரி 11, புதன்

விசா வந்துவிட்டது. பாஸ்போர்ட்டைத் தடவிப் பார்த்துவிட்டு அப்பா சொன்னார்: "போட்டோல அப்படியே உங்கம்மா லோகநாயகி."

பிப்ரவரி 15, ஞாயிறு

எழுதக்கூட வரவில்லை.

அச்சுதன் வாத்தியார் போன் செய்தார். அம்மாவின் காரியங்களை நடத்திவைத்தவர். அப்பா ஸ்பீக்கரில் போட்டிருந்தார். "வருஷாப்திகம் ஏப்ரல் அஞ்சு. ஞாயித்துக்கிழமையா அமைஞ்சிருக்கு, ஷ்யாம் லீவுகூடப் போட வேண்டாம்."

நான் ஓடிவந்தேன். "மார்ச் பதினெட்டு இல்லையா மாமா?"

"அது இங்கிலீஷ் தேதின்னா குழந்தை. நமக்குத் திதிதானே? பங்குனி, தேய்பிறை சதுர்த்தி. போன வருஷம் மாசம் பொறந்த கையோட வந்துடுத்து. இந்த வருஷம் மாசக் கடைசிலதான் வரது. அதுக்கு முன்னாடி வருஷம் முடிஞ்சதாக் கணக்கில்லை."

சமையலறைச் சுவரில் பாம்புப் பஞ்சாங்கம் தொங்குகிறது. கனசாவாவில் எந்தப் பஸ் எந்த நிறம் என்று தெரியும் எனக்கு. கை நீட்டி அதைப் புரட்டிப் பார்க்கத் தெரியவில்லை. மாதாமாதம் வரும் மாசிகமெல்லாம் ஷ்யாம் அண்ணா புனேயிலேயே செய்துவிட்டான். எந்த மாதம் எந்தத் தேதி என்று நான் கேட்டதே இல்லை. என் பிறந்தநாளையே அம்மா நட்சத்திரம் பார்த்துத்தான் கொண்டாடுவாள் — அவள் போன நாளை மட்டும் இங்கிலீஷ் தேதியில் வைத்திருந்திருக்கிறேன். ஆஸ்பத்திரித் தாளில் இருந்ததுபோல.

ஏப்ரல் ஐந்தன்று நான் கனசாவாவில்.

பிப்ரவரி 16, திங்கள்

அண்ணா கூப்பிட்டான்.

"டிக்கெட் போடறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டியாடி?"

"நீ கோவாவுக்குப் போனப்போ என்னைக் கேட்டியா?"

"ஸஹானா, ஸ்நேகாவுக்கு ஸ்ராத்தத் தளிகை தெரியாது. மருமகதான் பண்ணணும், சரி, ஆனா நீ பக்கத்துல நின்னு சொல்லணும். உனக்குத்தானே அம்மா பண்றது தெரியும்?"

மந்திரம் அவனுக்கு. எள்ளும் தண்ணீரும் அவனுக்கு. அடுப்பு மன்னிக்கு. அப்போ நான் யாரு? சமையல் குறிப்பா? இதைக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவன் "அம்மாவுக்குடி" என்றான். குரல் உடைந்துவிட்டது. போனை வைத்துவிட்டேன்.

அப்பா போகாதே என்றிருந்தால் சண்டை போட்டிருப்பேன். போ என்றிருந்தால் போயிருப்பேன்.

மார்ச் 1, ஞாயிறு

மாடியில் துணி எடுக்கப் போனேன். அப்பா கைப்பிடிச் சுவரோரம் நின்று போனில் மன்னியிடம் பேசிக்கொண்டிருந்தார். மெதுவாக, யாரோ பெரிய அதிகாரியிடம் பேசுகிறாற்போல.

"பாகற்காய்க்கு முதல்ல உப்புப் போட்டுப் பிழியணும்னு நினைக்கறேன்மா... பிரண்டையை நெய்ல வதக்கணுமா நல்லெண்ணெய்லயா, அதுதான் எனக்கு ஞாபகம் வரலை... இல்லையில்லை, அவகிட்ட கேக்காதே. அவ போகட்டும். ரெண்டு வருஷமா எங்கேயும் போகலை பாவம். நாம எப்படியாவது சமாளிச்சுக்கலாம்."

இந்த வீட்டில் அப்பா இதுவரை பால்கூடக் காய்ச்சியதில்லை.

துணியை எடுக்காமலே இறங்கிவந்தேன். விடுதிக்கு எழுதிவிட்டேன். விமானத்துக்கு எழுத ஒன்றுமில்லை, போகாமலிருந்தால் போதும்.

சாயங்காலம் "நான் இருக்கேன்பா" என்றேன். சரி என்று சொல்ல அவருக்குக் கொஞ்சம் நேரமாயிற்று.

மார்ச் 18, புதன்

இங்கிலீஷ் தேதிப்படி இன்றைக்கு. யாரும் எதுவும் சொல்லவில்லை. நானும்.

மார்ச் 30, திங்கள்

லீவை ரத்து செய்யவில்லை. வீட்டில் பித்தளைப் பாத்திரமெல்லாம் தேய்த்தேன். தலைக்கு மேலே விமானம் போகும்போதெல்லாம் நிமிர்ந்து பார்க்காமலிருக்கக் கற்றுக்கொண்டேன். மீனம்பாக்கம் இவ்வளவு கிட்டத்தில் இருக்கக் கூடாது.

ஏப்ரல் 5, ஞாயிறு

விடிகாலையில் எழுந்து குளிக்கப் போனபோது பார்த்தேன். மாதவிலக்கு. இன்னும் ஒரு வாரம் இருக்கிறது என்று நினைத்திருந்தேன்.

குளியலறையில் உட்கார்ந்திருந்தேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். யாருக்குத் தெரியும்? எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை போய்ப் பல வருஷம் ஆகிறது. எத்தனை படித்திருக்கிறேன், எத்தனை பேரிடம் வாதாடியிருக்கிறேன். இந்த ஒரு நாளுக்காகக் கனசாவாவையே விட்டுவிட்டு இருந்திருக்கிறேன். ஈரப் புடவையைக் கட்டிக்கொண்டு போய் அடுப்படியில் நின்றால் முடிந்தது.

ஆனால் அம்மா நம்பினாள். ஊசி குத்திக் கை வீங்கிய நாளிலும் ஏகாதசி பார்த்தவள். இந்தச் சோறு அவளுக்கு. என் நம்பிக்கையை அவள் இலையில் பரிமாற எனக்கு என்ன உரிமை?

மன்னியிடம் சொன்னேன். "ஐயோ ஸஹானா, நான் தனியா எப்படி?" என்றாள்.

"இன்னிக்கா?" என்றான் அண்ணா.

"நான் என்ன தேதியா குறிச்சேன்?"

அப்பா மாடிப்படியைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. மாடி அறைக்கு ஏறினேன். ஒரு சொம்புத் தண்ணீர், ஒரு போர்வை, போன்.

ஸ்ராத்தம் உச்சிக்கு மேல்தான். அதற்கு வெகுநேரம் முன்பே போன் அடித்தது.

"ஸஹானா, ரசத்துக்கு மிளகாய் எத்தனை?"

"மன்னி! மிளகாயே கூடாது. இன்னிக்கு மிளகுதான். பெருங்காயமும் கிடையாது."

"கிள்ளிப் போட்டுட்டேனே!"

"கொட்டிடுங்கோ. வேற பாத்திரம் வைங்கோ. நான் லைன்லயே இருக்கேன்."

போனை அரிசி டப்பாமேல் சாய்த்துவைத்துவிட்டாள் போல. கடுகு வெடிப்பது கேட்டது. நான் கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தைக் கேட்டுச் சொன்னேன். இப்போ பாகற்காயைப் போடுங்கோ. இல்லை, இன்னும் வதங்கலை, தண்ணிச் சத்தம் கேக்கறது. பயத்தம்பருப்பை இறக்கிடுங்கோ. வெல்லம் ஒரு கை, ஸ்நேகா மன்னி, உங்க கை இல்லை, அம்மா கை. அதைவிடக் கொஞ்சம் பெரிசு.

வாத்தியாரின் குரல்: "அந்தப் பொண்ணு ஆத்துல இல்லைன்னு சொன்னேள். உள்ளே குரல் கேக்கறதே?"

"போன் மாமா" என்றான் அண்ணா, திருடனைப் போல.

பிறகு வாத்தியார் சிரித்தார். "சாஸ்திரம் எழுதினவாளுக்குப் போன் தெரியாது. தெரியாததைத் தடுக்கலை. பேசட்டும்."

நானும் சிரித்தேன், மாடியில், தனியாக. சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகை வந்துவிட்டது. மன்னிக்குக் கேட்காமலிருக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன்.

பிறகு போன் தேவைப்படவில்லை. மந்திரம் ஜன்னல் வழியாக வந்தது. அம்மா, பாட்டி, கொள்ளுப்பாட்டி என்று அண்ணா மூன்று பெயர் சொல்ல வேண்டும். "லோகநாயகி" என்ற இடத்தில் தடுமாறினான். வாத்தியார் மறுபடி எடுத்துக்கொடுத்தார். அந்த வரிசையில் என் பெயர் என்றைக்கும் வரப்போவதில்லை. அதற்காக வருத்தமா? தெரியவில்லை. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள், அவள் வந்திருந்தால் முதலில் என்னைத்தான் தேடியிருப்பாள். எங்கடா ஸஹானா? என்று.

எல்லாம் முடிந்து அப்பாவே தட்டைக் கொண்டுவந்தார். வாசற்படியில் வைத்துவிட்டு விலகாமல் நின்றார்.

"பாகற்காய் சரியா வந்திருக்கு" என்றார்.

"ம்."

"அப்படியே வந்திருக்கு" என்றார். இறங்கிப் போய்விட்டார்.

ஏப்ரல் 8, புதன்

மூன்று நாள் முடிந்து குளித்துக் கீழே வந்தேன். அண்ணாவும் மன்னியும் நேற்றே புனேக்குப் போய்விட்டார்கள். போகும்போது மன்னி மாடிப்படியில் நின்று "நீ இல்லைன்னா நான் செத்திருப்பேன்" என்று கத்திவிட்டுப் போனாள்.

நாளைக்கு ஆபீஸ்.

ஏப்ரல் 9, வியாழன்

ஜாஸ்மின் டப்பாவைத் திறந்து பாதி அப்பத்தை என் பக்கம் தள்ளினாள். "ஈஸ்டர்ல மிஞ்சினது இல்லடி, காலைல சுட்டது" என்றாள்.

ஏப்ரல் 19, ஞாயிறு

அப்பா காபியைக் குடித்துவிட்டுத் தொண்டையைச் செருமினார்.

"ஷ்யாம் டிக்கெட் போட்டிருக்கான். அடுத்த மாசம் மூணாம் தேதி. கொஞ்ச நாள் புனேல இருந்து பார்க்கலாம்னு."

"எத்தனை நாள்?"

"பார்க்கலாம்." பிறகு, என்னைப் பார்க்காமல்: "வருஷம் முடியற வரைக்கும் இந்த ஆத்தை விட்டு நகரக் கூடாதுன்னு இருந்தேன். முடிஞ்சாச்சு. எனக்கு அந்த ஹால் பக்கம் திரும்ப முடியலை ஸஹானா. அவ கட்டில் போட்டிருந்த இடம் தரையில வெளுப்பாத் தெரியறது."

நான்தான் தினமும் அதன் மேல் பாய் விரித்துப் படுக்கிறேன்.

"உன்கிட்ட முன்னாடியே சொல்லியிருப்பேன். நீ அங்கே போயிட்டு வரட்டும்னு இருந்தேன்."

அவர் தனியாக இருக்கக் கூடாது என்று நான். நான் தனியாகிவிடுவேன் என்று அவர். ஒரு வருஷமாக ஒரே வீட்டில்.

"போயிட்டு வாங்கோப்பா" என்றேன்.

மே 3, ஞாயிறு

அப்பா இதுவரை விமானத்தில் தனியாகப் போனதில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் படித்துத் தெரிந்ததுதான், ஆனால் நிறைய படித்திருந்தேன். வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தேன். போன், பர்ஸ், சாவி எல்லாம் தட்டில் போட வேண்டும். பெல்ட்டையும்.

"பெல்ட்டையா? அத்தனை பேர் முன்னாடியா?"

"எல்லாரும்தான்பா கழட்டுவா."

"வேஷ்டி கட்டிண்டு வந்திருக்கலாம்" என்றார். ஆட்டோக்காரர் சிரித்தார்.

"பக்கத்து சீட்ல யாராவது பேச்சுக் குடுத்தா?"

"பேச வேண்டாம்னா ஜன்னல் பக்கம் திரும்பிக்கலாம். ஜன்னலோரம்தான் போட்டிருக்கு."

வாசலில் காவலர் டிக்கெட்டைப் பார்த்துவிட்டு அவரை மட்டும் உள்ளே விட்டார். பையைத் தோளில் மாட்டிக்கொள்ளத் தெரியாமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனார். கொஞ்ச தூரம் போய்த் திரும்பினார். கண்ணாடியில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது, நான் தெரிந்திருக்க மாட்டேன். எனக்கு இரண்டு கதவு தள்ளி நின்றிருந்த ஒரு குடும்பத்தைப் பார்த்துக் கையசைத்தார். அவர்களும் நல்லவர்கள், அசைத்தார்கள்.

ஏறி உட்கார்ந்ததும் போன் செய்தார். "யாரும் ஒண்ணும் கேக்கலை. சௌகரியமாத்தான் இருக்கு."

திரிசூலம் ஸ்டேஷனில் தாம்பரம் வண்டிகள் வந்தன, போயின. பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன். பத்துப் பேருக்கு, இருபது பேருக்கு என்றால் கேட்ட உடனே சொல்வேன். ஒரே ஆளுக்கு எவ்வளவு அரிசி வைப்பது?

கையைக் குவித்துப் பார்த்தேன். தெரியவில்லை.